இறங்கித் தள்ளிய வண்டிகள்

ஆர்எக்ஸ் 100 என்று சொல்லிப் பாருங்கள், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்களுக்குக் குரலே மாறிவிடும். எந்த வருட மாடல், சிவப்பா கறுப்பா, எத்தனை கிக்கில் ஸ்டார்ட் ஆகும், கடைசியில் எந்தப் பணமுடையில் யாருக்கு விற்றார்கள் என்பதுவரை சொல்வார்கள். யெஸ்டி வைத்திருந்தவர்கள் இன்னும் ஒருபடி மேலே. கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான் என்பதை ஏதோ தாங்களே கண்டுபிடித்ததுபோல விளக்குவார்கள். வாலாஜாபாத் டீக்கடையாக இருந்தாலும் சரி, பயிற்சி முகாமுக்குப் போன ஊரில் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்திருந்தாலும் சரி, இந்தப் பேச்சு தொடங்கிவிட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். எனக்கும் கேட்கப் பிடிக்கும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று தெருவில் போனால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கிற ஆள்தான் நானும்.

ஆனால் அந்தப் பேச்சில் ஓர் இடத்தை மட்டும் சட்டென்று கடந்துவிடுவார்கள். "புது வண்டிய எடுத்துக்கினு ஊருக்குள்ள ஒரு ரவுண்டு வந்தேன்" என்பார்கள். அவ்வளவுதான். அடுத்த வாக்கியம் மைலேஜ் பற்றி. எங்கள் பக்கத்துக் காலனிகளில் வண்டி வாங்கியவர்களிடம் கேட்டால் அந்த ஒரு ரவுண்டுதான் மொத்தக் கதையும்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளில் பலர் இந்த வண்டிகள் நின்றுபோன பிறகு பிறந்தவர்கள். அதனால் கொஞ்சம் விவரம். 1980களின் நடுவில் ஜப்பான் நிறுவனங்கள் இந்தியக் கூட்டாளிகளைப் பிடித்துக்கொண்டு 100 சிசி வண்டிகளை இறக்கின. ஓசூரில் டிவிஎஸ்ஸும் சுசுகியும் சேர்ந்து 1984இல் இந்த்-சுசுகி. எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து 1985இல் ஆர்எக்ஸ் 100. அதே ஆண்டில் ஹீரோ ஹோண்டாவின் சிடி 100. அதுவரை மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் என்று கனமான வண்டிகள்தான். வாங்கவும் பெட்ரோல் போடவும் நிலமோ அரசாங்கச் சம்பளமோ வேண்டும். ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி, ஆனால் 11 குதிரைத்திறன். எடை குறைவு, இழுவை அதிகம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலும் எரியும், பின்னால் நீலப் புகை போகும், அந்தப் புகைக்கு ஒரு வாசனை உண்டு. அந்த வாசனைதான் அதற்கு எமனானது. 1996இலும் 2000இலும் புகை விதிகள் இறுகின. ஆர்எக்ஸ் 100 1996இல் நின்றது. யெஸ்டி தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலையும் அதே ஆண்டில் மூடப்பட்டது. டிவிஎஸ்ஸும் சுசுகியும் 2001இல் பிரிந்தார்கள். மேக்ஸ் 100, சாமுராய், ஷோகன் எல்லாம் மெல்ல மறைந்தன.

இவற்றுக்கு முன்பே, 1980இல், ஓசூரிலிருந்து வந்தது டிவிஎஸ் 50. பெடல் வைத்த மொபெட். பெட்ரோல் தீர்ந்தால் சைக்கிள் மாதிரி மிதித்தே வீட்டுக்கு வந்துவிடலாம். எங்கள் தெருக்களுக்கு வந்த முதல் எஞ்சின் பெரும்பாலும் அதுதான். மீன் விற்கப் போனவர், செங்கல் சூளைக்கு ஆள் கூட்டிப்போன மேஸ்திரி, நெல் மூட்டையை முன்னால் வைத்து அரைவை மில்லுக்குப் போனவர் எல்லாருக்கும் டிவிஎஸ் 50. பழைய வண்டி ஏக்கத்தில் அதற்கு இடம் குறைவு. அதை மெருகேற்றிக் கூட்டமாக ஓட்டிப் போகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எந்த வண்டிக்காக ஏங்குகிறோம் என்பதிலேயே அதை யார் வைத்திருந்தார்கள் என்ற கணக்கும் இருக்கிறது.

என் மாமா, அம்மாவின் தம்பி, ரயில்வேயில் கேங்மேன். செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் வேலை. 1990களின் கடைசியில் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு மேக்ஸ் 100 வாங்கினார். எங்கள் குடும்பத்துக்கே அதுதான் முதல் மோட்டார் சைக்கிள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வருவார். மெயின் ரோட்டிலிருந்து காலனிக்கு வர ஒரே வழி. முதலில் பிள்ளையார் கோயில், பிறகு ஊர்த் தெரு, பால் சொசைட்டி, வாய்க்கால் பாலம், அதைத் தாண்டினால் நாங்கள். மாமா பிள்ளையார் கோயிலுக்கு இந்தப் பக்கமே எஞ்சினை அணைத்துவிடுவார். இறங்குவார். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஊர்த் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு வருவார். வாய்க்கால் பாலம் வந்ததும் திரும்ப ஏறி உட்காருவார்.

ஏன் மாமா தள்ளுறாரு என்று கேட்டால், "பெட்ரோல் மிச்சம் பண்றாருடி" என்பார் அம்மா. மாமாவும் அதையே சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சமதளமான தெரு. அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது.

அந்தத் தெருவில் பலகை எதுவும் இல்லை. யாரும் மாமாவை நிறுத்தி இறங்கச் சொன்னதுமில்லை. அவர் அப்பா சைக்கிளில் வந்தபோது இறங்க வைத்திருக்கிறார்கள். அவருக்கும் முந்தியவர்கள் செருப்பைக் கையில் எடுத்திருக்கிறார்கள். மாமா காலத்தில் செருப்பு காலிலேயே இருந்தது. வண்டியிலிருந்து மட்டும் இறங்கினார். எம்.ஏ. படிக்கும்போது 2006இல் வந்த ஓர் ஆய்வு நூலைப் படித்தோம். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை எந்தெந்த வடிவில் இருக்கிறது என்று கள ஆய்வு செய்து, கான்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் முதலியோர் எழுதியது. கிணறு, கோயில், டீக்கடை, முடிவெட்டும் கடை, தபால், பள்ளிக்கூடம் என்று வரிசையாகப் போகும். வகுப்பில் எல்லாரும் டேபிள்களைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பெட்ரோல் மிச்சத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

டூ ஸ்ட்ரோக் வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும். சூடாக இருக்கும்போது அணைத்துத் தள்ளிவிட்டு உடனே உதைத்தால் பல நேரம் எடுக்காது. பிளக் நனைந்துவிடும். வாய்க்கால் பாலத்தில் மாமா ஐந்தாறு உதை உதைப்பார். எடுக்காவிட்டால் பிளக்கைக் கழற்றி, லுங்கியில் துடைத்து, உப்புத்தாளால் முனையைத் தேய்த்து, ஊதி, திரும்பப் போடுவார். நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் சுற்றி நிற்போம். எனக்கு உப்புத்தாளைப் பிடிக்கிற வேலை. ஒருவழியாக எஞ்சின் எடுத்ததும் அந்த நீலப் புகை எங்கள் முகத்தில் அடிக்கும். நாங்கள் கத்திக்கொண்டு பின்னால் ஓடுவோம். மேக்ஸ் 100 என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பாலம்தான், அந்த வாசனைதான். என் சிறுவயதின் மிகச் சந்தோஷமான நேரங்களில் ஒன்று அது. ஊர்த் தெருவில் எஞ்சினை அணைக்காமல் இருந்திருந்தால் அந்தச் சந்தோஷமே நடந்திருக்காது. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்து வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பிரிக்க வேண்டாம் என்றுதான் இப்போதெல்லாம் தோன்றுகிறது.

பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், கதை வேறு மாதிரி. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வாலாஜாபாத்தில் ஒரு மெக்கானிக் பட்டறையில் சேர்ந்தார். டூ ஸ்ட்ரோக்கில் கை தேர்ந்தவர். சைலன்சரைக் கழற்றி உள்ளே படிந்திருக்கும் கரியை எரித்துச் சுத்தம் செய்வது, கார்ப்பரேட்டர் ஜெட்டை ஊதி டியூன் பண்ணுவது, பழைய சிலிண்டருக்குப் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டுவது. சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். ஊர்த் தெருவில் நிலபுலன் உள்ள ஒருவரின் யெஸ்டியையும் அண்ணன்தான் பார்ப்பார். வேலை முடிந்ததும் டிரையல் ஓட்டிப் பார்க்க வேண்டுமே. அந்த யெஸ்டியை அதே ஊர்த் தெருவில், பிள்ளையார் கோயிலைத் தாண்டி, மூன்றாவது கியரில் ஓட்டிக்கொண்டு போவார். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வண்டி ஊர்க்காரருடையது. ஓட்டுகிறவன் வேலைக்காரன். அவ்வளவு தெளிவு.

2003 வாக்கில் அண்ணன் தனக்கென்று ஒரு ஆர்எக்ஸ் 100 சேர்த்தார். வாங்கினார் என்று சொல்ல முடியாது, சேர்த்தார். ஆர்சி புக் உள்ள சேசிஸ் ஒன்று, சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்த எஞ்சின், வேறொரு வண்டியின் டேங்க். ஒரு வருடச் சம்பளம் போயிருக்கும். ஓடத் தொடங்கியதும் அவர் செய்த முதல் காரியம், பிள்ளையார் கோயில் முன்னால் அணைக்காமல் அப்படியே வந்ததுதான். ஆர்எக்ஸ் 100 சத்தம் தெரியும்தானே, ஒளித்து வைக்க முடியாத சத்தம். காலனியில் நாங்கள் வாசலுக்கு வந்து நின்றோம். மாமா அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தார். அவர் எழுந்து வரவில்லை.

பதினோரு நாள் ஓட்டினார். பன்னிரண்டாம் நாள் வண்டி எடுத்த இரண்டு கிலோமீட்டரில் நின்றுவிட்டது. டேங்கைக் கழற்றிப் பார்த்தால் அடியில் மணல். பிஸ்டன் கீறி எஞ்சின் ஜாமாகிவிட்டது. ஸ்டேஷனில் புகார் எழுதி வாங்கிக்கொண்டார்கள், எஃப்ஐஆர் போடவில்லை. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். "இன்னாத்துக்குடா இம்மாம் சத்தம்? பெரியவங்க இருக்கிற தெரு" என்றார் பேசி வைக்க வந்தவர். வண்டி சத்தம் போட்டதுதான் பிரச்சினை என்று முடிந்தது. மணல் பற்றி யாரும் பேசவில்லை.

சத்தம்தான் பிரச்சினை என்பதில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது. புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1955 முதல் சென்னையில் தயாரானது, ராணுவத்துக்கும் போலீசுக்கும் வாங்கப்பட்டது, பிறகு மிராசுதார்களிடம் வந்தது. எங்கள் பாட்டி தலைமுறையில் சேரிக்குள் புல்லட் சத்தம் கேட்டால் இரண்டு பேரில் ஒருவர்தான் வருகிறார் என்று அர்த்தம்: வேலைக்கு ஆள் கேட்டு வருகிற நிலக்காரர், அல்லது இன்ஸ்பெக்டர். சத்தத்தைக் கேட்டதுமே பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்களாம். அதே சத்தம் எதிர்த் திசையிலிருந்து, சேரியிலிருந்து ஊரை நோக்கிப் போனால் கேட்பவருக்கு என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில் கல்லூரியில் படிக்கும் தலித் இளைஞர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதே காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வேறு எங்கும் அல்ல, கையில் வெட்டு. ஹேண்டில்பாரைப் பிடிக்கிற கை.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவு எஞ்சினுக்கு முந்தியது. அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்வில் நடந்தவற்றைச் சொல்லும் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் வண்டி இரண்டு முறை வருகிறது. 1901இல், ஒன்பது வயதில், மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய அவரையும் உடன் வந்த பிள்ளைகளையும் ஏற்றிச் செல்ல எந்த மாட்டு வண்டிக்காரரும் வரவில்லை. இரட்டிப்புக் கூலி தருகிறோம், நாங்களே ஓட்டிக்கொள்கிறோம் என்று சொன்ன பிறகுதான் ஒருவர் ஒப்புக்கொண்டார். அவர் கூடவே நடந்து வந்தார். இரண்டாவது 1929இல் சாலிஸ்கானில். அப்போது அவர் பாரிஸ்டர், பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். டாங்கா வண்டிக்காரர் எவரும் அவரை ஏற்றி ஓட்ட மறுத்ததால், வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவரே ஓட்டினார். பாலத்தில் சக்கரம் சிக்கி அண்ணல் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். அந்த ஓட்டுநரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் துக்கமாக இருக்கும். தலைவரை மரியாதையாகக் கூட்டிவர வேண்டும் என்று, தெரியாத வேலையில் கை வைத்த மனிதர்.

நம் செங்கல்பட்டுச் சீமையில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுத் தெருக்களிலும் சாலைகளிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணறுகளை எவரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். அது நடப்பதற்கான உரிமை. ஓட்டுவதற்கான உரிமை சட்டத்தில் எழுத்தாக வருவதற்கு இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் ஆனது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் திருத்தம் வந்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு மூன்று, உட்பிரிவு ஒன்று, 'இசட்ஏ'வை எடுத்துப் படியுங்கள். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புத்தாடையோ அணிவதை, கல்யாண ஊர்வலம் போவதை, ஊர்வலத்தில் குதிரையோ வேறு வாகனமோ ஏறுவதைத் தடுப்பது குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து வருடம் வரை சிறை, அபராதம். சட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்ற சொல் சும்மா வந்து உட்காராது. அது அங்கே எழுதப்படுவதற்கு எத்தனை பேர் இறங்கித் தள்ளியிருக்க வேண்டும். சட்ட மாணவர்கள் இந்தப் பிரிவை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், வீட்டில் மாமாவையும் பெரியப்பாவையும் உட்கார வைத்து அவர்களுடைய முதல் வண்டியைப் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள். எங்கே இறங்கினார்கள் என்று கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்; தானாக வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து பழைய வண்டிக்காரர்கள் கூட்டமாக எங்கள் வழியாக உத்திரமேரூர் போவதைப் பார்த்திருக்கிறேன். பளபளவென்று மெருகேற்றிய ஆர்எக்ஸ்கள், ஜாவாக்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. ஜனநாயகம் இங்கேதான் பிறந்தது என்று அங்கே சொல்வார்கள். குடத்தில் பெயர் விழ வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் வேண்டும் என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஆளில்லை. வண்டிகள் மட்டும் நல்ல வண்டிகள், அதில் சந்தேகமில்லை.

இப்போது மோட்டார் சைக்கிள் எங்கள் பக்கத்திலேயே தயாராகிறது. வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் சாலையில் போனால் ஒரகடம். ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இல் அங்கே வந்தது, பிறகு வல்லம் வடகாலில் இன்னொன்று. யமஹாவும் வல்லம் வடகாலில் இருக்கிறது. 2018இல் இந்த இரண்டு நிறுவனத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். யமஹாவில் சங்கம் வைக்கும் உரிமைதான் சண்டையே. விடியற்காலையில் காலனி முனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளுக்கு நட்டு முறுக்கப் போகிறார்கள். ஜாவா 2018இலும் யெஸ்டி 2022இலும் புதிய கம்பெனியிடமிருந்து பழைய பெயரில் திரும்ப வந்துவிட்டன. பழைய தோற்றத்துக்குத்தான் விலை. எந்தப் பழமை என்று விளம்பரம் சொல்லாது.

அண்ணனின் ஆர்எக்ஸ் 100 எஞ்சின் போன நிலையில் பதினாறு வருடம் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் நின்றது. டூ ஸ்ட்ரோக் வண்டிகள் குறையக் குறையப் பட்டறையும் மூடிப்போனது. அண்ணன் இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. 2019இல் சென்னையிலிருந்து ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். ஓடாத வண்டிக்கு அவர் சொன்ன தொகை, அண்ணனின் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். ஆர்சி புக் ஒழுங்காக இருந்ததுதான் காரணம். மகளின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்றுவிட்டார். வந்தவர் நல்ல மனிதர். வண்டியின் கதை ஏதாவது உண்டா என்று கேட்டார், வாங்குகிறவர்களுக்குச் சொல்ல நன்றாக இருக்குமாம். "புதுப்பேட்டையில சேத்ததுண்ணே" என்று மட்டும் சொன்னார் அண்ணன்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு தம்பி தவணையில் புல்லட் எடுத்தான். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, வயது இருபத்து மூன்று. அவன் அம்மாவுக்கு மேலப்பிடாவூர் செய்தி தெரியும். வண்டி வேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. "யக்கா, அந்த செக்‌ஷன் நம்பர் என்னாது, அனுப்பு" என்று கேட்டு வாங்கி, இன்சூரன்ஸ் காகிதத்தோடு போனில் வைத்துக்கொண்டான். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துச் சொல்லுண்ணா" என்றான்.

அண்ணன் ஏறி உட்கார்ந்ததும் பழைய பழக்கத்தில் வலது கால் கியரைத் தேடியது. பழைய புல்லட்டுக்கு வலது பக்கம்தான் கியர். தம்பி சிரித்தான். பாலத்தைத் தாண்டி, பால் சொசைட்டியைத் தாண்டி, பிள்ளையார் கோயில்வரை போய்த் திரும்பி வந்தார். சொசைட்டி வாசலில் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கியதும் குனிந்து செயினைத் தொட்டுப் பார்த்தார். "கொஞ்சம் லூஸா இருக்கு, மொதல் சர்வீஸ்ல சொல்லு" என்றார்.